செல்லுக்கும் வயதாகுமா? காரைக்குடிக் கூட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அழைப்பிதழ் போனதிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. பாதிப் பேர் அறிவியல் கேட்கிறார்கள், மீதிப் பேர் மத்தியானச் சாப்பாடு உண்டா என்று கேட்கிறார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே சேர்த்து, பதிலும் எழுதியிருக்கிறேன்.

இது என்ன கூட்டம்?

லியனார்ட் ஹேஃப்ளிக் என்ற அமெரிக்க உயிரியல் அறிஞரை நினைத்து நடத்தும் ஒருநாள் கூட்டம். 1928 மே 20 அன்று பிலடெல்ஃபியாவில் பிறந்தவர், 2024 ஆகஸ்ட் 1 அன்று கலிஃபோர்னியாவில் 96 வயதில் காலமானார். மனித செல்கள் முடிவில்லாமல் பெருகிக்கொண்டே போவதில்லை, ஓர் அளவோடு நின்றுவிடும் என்று காட்டியவர். அவர் மறைந்த நாளை ஒட்டி, ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மாலை நான்கரைக்கு முடிக்கிறோம். கல்லூரி ஆசிரியர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், முதியோர் மருத்துவர் ஒருவர் பேசுகிறார்கள். நடத்துவது ஊர்க்காரர்கள் சிலரும், ஓய்வு பெற்ற உயிரியல் வாத்தியார்களும். எந்த நிறுவனமும் பின்னால் இல்லை.

அமெரிக்காவில் வாழ்ந்தவருக்குக் காரைக்குடியில் எதற்குக் கூட்டம்?

கம்பன் தேரழுந்தூர்க்காரர். ஆனால் 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கி அவருக்கு விழா எடுத்தது இங்கேதான். ஆள் எந்த ஊர் என்று பார்த்துவிட்டுப் பந்தல் போடுகிற வழக்கம் இந்த ஊருக்கு இல்லை. அறிவியலும் இங்கே புதிதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாம் ‘சிக்ரி’ என்கிறோமே அது, இங்கே வந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

இன்னொரு காரணமும் உண்டு. பாதி வீடுகளில் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, ஐயாவும் ஆயாவும் மட்டும் இவ்வளவு பெரிய வீட்டில் இருக்கிற பகுதி இது. மூப்பைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஹேஃப்ளிக் அப்படி என்ன கண்டுபிடித்தார்?

அதற்கு முன் உலகம் என்ன நம்பிக்கொண்டிருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அலெக்சிஸ் காரெல் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1912-இல் நியூயார்க்கில் கோழிக் கருவின் இதயத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்க ஆரம்பித்தார். அதே ஆண்டு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்தச் செல்கள் 1946 வரை, அதாவது காரெல் இறந்த பிறகும், உயிரோடு இருந்ததாகச் சொன்னார்கள். கோழி வாழ்கிற காலத்தைப் போல் பல மடங்கு! ஆகவே செல்லுக்குச் சாவில்லை, உடம்புக்குத்தான் சாவு என்று பாடப்புத்தகம் வரை எழுதிவிட்டார்கள். யாராவது வளர்த்த செல் செத்துப்போனால், ‘உனக்கு வளர்க்கத் தெரியவில்லை’ என்பதுதான் தீர்ப்பு.

ஹேஃப்ளிக் 1958-இல் பிலடெல்ஃபியாவின் விஸ்டார் ஆய்வகத்தில் சேர்ந்தார். மனிதக் கருவின் திசுவிலிருந்து செல்களை எடுத்துத் தட்டையான புட்டிகளில் வளர்த்தார். புட்டியின் அடிப்பரப்பு முழுக்கச் செல்கள் நிரம்பியதும், டிரிப்சின் என்ற நொதியை விட்டு அவற்றைக் கிளப்பி, சரிபாதியாக இரண்டு புட்டிகளில் விட வேண்டும். இரண்டும் நிரம்பினால் ஒரு இரட்டிப்பு என்று கணக்கு. மாதக்கணக்கில் இதே வேலை. முதலில் ஜோராகப் பெருகும். பிறகு மெல்ல மெல்லத் தளரும். 50 இரட்டிப்பு வாக்கில், சில 40-இல், சில 60-இல், சாப்பாடு எவ்வளவு போட்டாலும் பிரிவது நின்றுவிடும்.

உணவுக் கரைசல் கெட்டுப்போயிருக்குமோ, புட்டி சரியாகக் கழுவப்படவில்லையோ, வைரஸ் தொற்றோ என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அதே கரைசலில், அதே புட்டியில், அதே கையால் அண்மையில் தொடங்கிய செல்கள் நன்றாகவே வளர்ந்துகொண்டிருந்தன. நின்றவை பழையவை மட்டும்.

அப்புறம் அவரும் குரோமோசோம் நிபுணரான பால் மூர்ஹெட்டும் ஒரு காரியம் செய்தார்கள். எனக்கு உயிரியலிலேயே மிகவும் பிடித்த சோதனை இதுதான். ஏறக்குறைய 40 முறை இரட்டித்த ஆண் செல்களையும், 10 முறையே இரட்டித்த பெண் செல்களையும் ஒரே புட்டியில் கலந்து விட்டார்கள். கலக்காத ஆண் செல் புட்டி ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டார்கள். அந்தத் தனிப் புட்டியில் பிரிவது நின்றதும், கலந்த புட்டியை எடுத்துக் குரோமோசோம்களைப் பார்த்தார்கள். ஆண் செல்லா பெண் செல்லா என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். அதில் பெண் செல்கள் மட்டுமே பிரிந்துகொண்டிருந்தன. கரைசலில் கோளாறு என்றால் இரண்டும் நின்றிருக்க வேண்டும். வைரஸ் என்றால் பக்கத்தில் இருந்ததையும் தொற்றியிருக்க வேண்டும். ஒரே தண்ணீர், ஒரே சாப்பாடு, ஆனால் ஒன்று நிற்கிறது, இன்னொன்று நடக்கிறது. அப்படியென்றால் கணக்கு வெளியே இல்லை, செல்லுக்குள்ளேயே இருக்கிறது. கூட்டத்தின் முதல் ஒரு மணி நேரம் இந்தச் சோதனைக்குத்தான்.

காரெலின் கோழிச் செல் என்ன ஆயிற்று? அவர் பொய் சொன்னாரா?

கோழிக் கருவைப் பிழிந்தெடுத்த சாறுதான் அந்தச் செல்களுக்கு உணவு. அந்தச் சாற்றோடு புதுச் செல்களும் ஒவ்வொரு முறையும் குடுவைக்குள் போயிருக்க வேண்டும் என்பது ஹேஃப்ளிக் தரப்பு விளக்கம். வேண்டுமென்றே செய்ததா, கவனக்குறைவா என்று இன்றும் வாதம் ஓடுகிறது. ஒன்று மட்டும் உறுதி: கோழிச் செல்லை அத்தனை காலம் வளர்த்துக் காட்ட வேறு யாராலும் முடியவில்லை.

இதைப் பற்றி ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் எழுதிய கட்டுரையை முதலில் ஏற்கவில்லையாமே?

ஆமாம். ஒரு பெரிய மருத்துவ ஆய்விதழுக்கு அனுப்பினார்கள். அதன் ஆசிரியர்களில் ஒருவரான பெய்டன் ரவுஸ் திருப்பி அனுப்பினார். சரியான சூழல் கொடுத்தால் செல்கள் காலவரையின்றிப் பெருகும் என்பதுதான் ஐம்பது ஆண்டுத் திசு வளர்ப்பு நமக்குக் கற்றுத் தந்த மிகப் பெரிய உண்மை என்ற பொருளில் பதில் எழுதினார். ரவுஸ் சாதாரண ஆளில்லை, 1966-இல் நோபல் பரிசு பெற்றவர். கட்டுரை 1961-இல் வேறொரு இதழில் வந்தது. 1974-இல் ஆஸ்திரேலிய நோபல் அறிஞர் மக்ஃபார்லேன் பர்னெட் இதற்கு ‘ஹேஃப்ளிக் எல்லை’ என்று பெயர் வைத்தார்.

50 முறைதானா? சின்ன எண்ணாக இருக்கிறதே!

வட்டிக்கு வட்டி போட்டுப் பழகிய ஊரில் இந்தக் கேள்வி வரலாமா? ஒரு செல் 50 முறை இரட்டித்தால், ஏறக்குறைய 1,126 லட்சம் கோடி செல்கள். மனித உடம்பு முழுவதிலும் இருக்கும் செல்களைவிட இது பல மடங்கு அதிகம்.

எத்தனை முறை பிரிந்தோம் என்று செல்லுக்கு எப்படித் தெரியும்?

இதைக் கேட்டவர் பத்தாம் வகுப்பு மாணவி. சரியான கேள்வி. ஹேஃப்ளிக்குக்கே அப்போது விடை தெரியாது. ஆனால் செல் கணக்கு வைத்திருக்கிறது என்பதை அவர் உறைய வைத்துக் காட்டினார். 20 இரட்டிப்பு முடிந்த செல்லை உறைநிலையில் போட்டு வைத்து, பின்னால் எடுத்து உருக்கினால், மிச்சமிருந்த 30 வாக்கில் இரட்டித்துவிட்டு நிற்கும். இடையில் ஒரு மாதம் போனாலும் சரி, பல ஆண்டு போனாலும் சரி. நாள்கணக்கு, ஆண்டுக்கணக்கு எதுவும் அதற்கு இல்லை. எத்தனை முறை பிரிந்தது என்பது ஒன்றுதான் அதன் வயது.

விடையின் முதல் நுனி மாஸ்கோவில் கிடைத்தது. அலெக்சி ஓலோவ்னிகோவ் என்ற ரஷ்ய அறிஞர் 1966-இல் ஹேஃப்ளிக் எல்லை பற்றிய உரை ஒன்றைக் கேட்டுவிட்டு மெட்ரோ நிலையத்துக்குப் போனார். ரயில் உள்ளே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்குத் தோன்றியது இது: டி.என்.ஏ. என்பது தண்டவாளம், அதை நகலெடுக்கும் நொதி அதன்மேல் ஓடும் ரயில். ரயில் தான் நின்றுகொண்டிருக்கிற இடத்தைத் தானே நகலெடுக்க முடியாதே? அப்படியானால் ஒவ்வொரு முறையும் கடைக்கோடியில் கொஞ்சம் விட்டுப்போகும், நூலிழை குட்டையாகிக்கொண்டே வரும். இந்தக் கருத்தை 1971-இல் ரஷ்ய மொழியில் வெளியிட்டார். அடுத்த ஆண்டு, டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனும் தனியாக இதே சிக்கலைச் சுட்டிக் காட்டினார்.

குரோமோசோமின் அந்தக் கடைக்கோடிக்குத்தான் டெலோமியர் என்று பெயர். நம் உடம்பில் அது டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி. என்ற ஆறெழுத்து திரும்பத் திரும்ப வருகிற நீண்ட வால். அதில் மரபுச் செய்தி ஏதும் இல்லை. தேய்ந்தாலும் பாதகமில்லாத பகுதி, ஆனால் ஓர் அளவுக்கு மேல் தேய்ந்தால் செல் ஆபத்தை உணர்ந்து பிரிவதை நிறுத்திக்கொள்ளும். எலிசபெத் பிளாக்பர்னும் அவரிடம் மாணவியாக இருந்த கேரல் கிரைடரும், வாலை நீட்டிக் கொடுக்கும் டெலோமரேஸ் நொதியைக் கண்டுபிடித்தார்கள். கிரைடர் அதன் முதல் அடையாளத்தைப் பார்த்தது 1984 கிறிஸ்துமஸ் அன்று. அவர்கள் இருவருக்கும் ஜாக் ஷோஸ்டாக்குக்கும் 2009-இல் நோபல் பரிசு. 1998-இல் டெலோமரேஸைச் சேர்த்த மனித செல்கள் ஹேஃப்ளிக் எல்லையைத் தாண்டி ஓடின. அதோடு ஓலோவ்னிகோவின் ஊகமும் நிலைத்தது. நோபல் பட்டியலில் அவர் பெயர் இல்லாதது எனக்கு இன்றும் உறுத்தல்தான். அவர் 2022-இல் காலமானார்.

அப்படியென்றால் டெலோமரேஸ் மருந்து சாப்பிட்டால் என்றும் இளமைதானே?

புற்றுநோய்ச் செல்கள் அந்த வேலையைத்தான் செய்கின்றன. பத்தில் எட்டொன்பது புற்றுக்கட்டிகள் டெலோமரேஸை முடுக்கிவிட்டுத்தான் நிற்காமல் பெருகுகின்றன. 1951-இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்மணியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த ஹீலா செல்கள் இன்றும் உலகமெங்கும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவர் அந்த ஆண்டே இறந்துவிட்டார். செல்லின் சாகாவரம் அது இருக்கும் உடம்புக்கு நல்லதில்லை.

50 தடவை முடிந்தால் மனிதன் இறந்துவிடுவானா?

இல்லை. இந்தக் குழப்பம் படித்தவர்களிடமே அதிகம். நரம்புச் செல்களும் இதயத் தசைச் செல்களும் பிறந்த பிறகு பெரும்பாலும் பிரிவதே இல்லை, ஆனால் அவையும் மூப்படைகின்றன. எண்பது தாண்டியவரின் தோலிலிருந்து எடுத்த செல்லும் குடுவையில் இன்னும் பல முறை பிரியும். ஆய்வகச் சுண்டெலியின் டெலோமியர் நம்முடையதைவிட நீளம், ஆனால் அது வாழ்வது இரண்டு மூன்று ஆண்டு. வால் நீளம் ஒன்றே ஆயுள் என்றால் எலி நம்மைத் தூக்கிச் சாப்பிட்டிருக்கும். ஹேஃப்ளிக்கே பிற்காலத்தில், உடம்பின் மூலக்கூறுகள் ஒழுங்கு குலைவதும் அதைச் சரிசெய்யும் திறன் குறைவதும்தான் மூப்பு என்று விளக்கினார். செல் பிரிவது நிற்பதை மட்டும் வைத்து அவர் மூப்பை அளக்கவில்லை.

மூப்படைந்த செல் பார்க்க எப்படி இருக்கும்?

தோல், நுரையீரல் போன்ற இடங்களில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல் இளமையில் ஒல்லியாக, இரு முனையும் கூர்ந்து இருக்கும். நெருக்கமாக வளர்ந்தால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து சுழி சுழியாக அமையும். மூப்படைந்ததும் அதே செல் பல மடங்கு பரந்து, தட்டையாகி, விளிம்பு ஒழுங்கில்லாமல் போகும். உள்ளே குமிழிகளும் குப்பையும் சேர்ந்திருக்கும். பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் நிரப்பாது. 1995-இல் ஒரு சாயமுறையும் கண்டுபிடித்தார்கள்: மூப்படைந்த செல்கள் அதில் நீலமாகும், இளம் செல்கள் நிறமில்லாமல் இருக்கும். இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் பெரிதாக அச்சடித்து முகப்பில் மாட்டுகிறோம்.

அழைப்பிதழில் ஜூடித் காம்ப்பிசி என்ற பெயரும் இருக்கிறதே?

அவர் அமெரிக்க உயிரியல் அறிஞர். அந்தச் சாயமுறையைக் கொண்டு வந்த குழு அவருடையது. நின்றுபோன செல் சும்மா கிடப்பதில்லை, சுற்றுப்புறத்தில் அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் கக்கிக்கொண்டே இருக்கிறது என்று 2008-இல் காட்டியவரும் அவர்தான். நிற்பதால் புற்றுநோய் தடுக்கப்படுகிறது, காயம் ஆறவும் அது உதவுகிறது. ஆனால் வயதாக ஆக அப்படிப்பட்ட செல்கள் சேர்ந்துபோனால் அக்கம்பக்கமும் கெடுகிறது. ஒரே செல் இளமையில் காவலாகவும் முதுமையில் தொல்லையாகவும் இருக்கிறது என்பது இந்தத் துறையின் மிக ஆழமான கருத்து என்பேன். காம்ப்பிசி 2024 ஜனவரியில் காலமானார். ஒரே ஆண்டில் இருவரும் போய்விட்டார்கள். பிற்பகல் அமர்வு அவருக்கு.

எனக்கு முழங்கால் வலி. வருகிற மருத்துவரிடம் காட்டலாமா?

இது மருத்துவ முகாம் இல்லை. ஆனால் கேள்வியில் சங்கதி இருக்கிறது. மூப்படைந்த செல்களைத் தேடி அழிக்கும் மருந்துகள் எலிகளிடம் நல்ல பலன் தந்தன. முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு அப்படிப்பட்ட ஒரு மருந்தை மனிதர்களுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்ததில், மருந்தில்லாத ஊசி போட்டவர்களைவிட அவர்களுக்கு வலி குறையவில்லை என்று 2020-இல் தெரிந்தது. வேறு சோதனைகள் நடக்கின்றன. எலிக்குக் கேட்பதெல்லாம் நமக்குக் கேட்பதில்லை.

இளமை தரும் மாத்திரை, கிரீம் விற்க ஸ்டால் போடலாமா?

கூடாது. கேட்டவர்களுக்கு நேரிலும் சொல்லிவிட்டோம். ஹேஃப்ளிக் உயிரோடு இருந்தபோது இந்த வியாபாரத்தை எதிர்த்துச் சண்டை போட்டவர். 2002-இல் அவரும் இன்னும் இருவரும் சேர்ந்து எழுதி, மொத்தம் 51 அறிஞர்கள் கையெழுத்திட்ட அறிக்கை ஒன்று வந்தது. சந்தையில் இருக்கும் எதுவும் மனித மூப்பை நிறுத்தவோ திருப்பவோ செய்ததாக நிரூபணம் இல்லை என்பது அதன் சாரம். அவர் நினைவுக் கூட்டத்திலேயே டப்பா விற்றால் நன்றாகவா இருக்கும்?

டெலோமியர் நீளத்தை அளந்து ‘உண்மையான வயது’ சொல்கிறார்களாமே?

காசை மிச்சப்படுத்துங்கள். அவர்கள் அளப்பது இரத்த வெள்ளணுக்களின் சராசரி. ஒரே வயதுள்ள இருவருக்கே அது பெரிதும் மாறும், அளக்கும் முறையைப் பொறுத்தும் மாறும். நீளமாக இருந்தால் நல்லது என்பதும் இல்லை, மிக நீண்ட டெலோமியர் உள்ளவர்களுக்குச் சில புற்றுநோய்கள் அதிகம் வருவதாக ஆய்வுகள் உண்டு. சில அரிய மரபு நோய்களில் மருத்துவர் இந்தப் பரிசோதனையை எழுதிக் கொடுப்பார், அது வேறு.

கவுனி அரிசி மூப்பைத் தடுக்குமா?

ருசியாக இருக்கும். அதன் கறுப்பு நிறத்துக்குக் காரணமான அந்தோசயனின்கள் குடுவையில் நல்ல வேலை செய்கின்றன. ஆனால் தேங்காய்த் துருவலும் நெய்யும் சீனியும் கொட்டிக் கிளறிய பிறகு அதை மருந்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பலகாரமாகவே சாப்பிடுவோம்.

கருவிலிருந்து எடுத்த செல்லில் ஹேஃப்ளிக் தடுப்பூசி செய்தார் என்கிறார்கள். உண்மையா?

உண்மை. 1962-இல் ஸ்வீடனில் சட்டப்படி கலைக்கப்பட்ட ஒரு பெண் கருவின் நுரையீரலிலிருந்து அவர் உருவாக்கியது டபிள்யூ.ஐ-38 என்ற செல் வரிசை, அதாவது அந்த ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து வளர்த்துவரும் செல்கள். அந்தத் தாயிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அந்தக் காலத்தில் வழக்கம் அப்படி. அது சரியில்லை என்று கூட்டத்தில் வெளிப்படையாகவே பேசப்போகிறோம்.

அதுவரை போலியோ தடுப்பூசியைக் குரங்குச் சிறுநீரகச் செல்லில் வளர்த்தார்கள், அதில் குரங்கு வைரஸ்கள் ஒளிந்திருந்தன. சுத்தமான மனித செல் கிடைத்ததும் போலியோ, ரூபெல்லா, வெறிநாய்க்கடி என்று வரிசையாகத் தடுப்பூசிகள் வந்தன. தடுப்பூசி அறிஞர் ஸ்டான்லி பிளாட்கின் இந்தச் செல்லில் உருவாக்கிய ஆர்.ஏ. 27/3 என்ற ரூபெல்லா வகைதான் இன்று உலகின் பெரும்பகுதியில் போடப்படுகிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்களே, நினைவிருக்கிறதா? வாட்ஸ்அப் வதந்தியைக் கேட்டுப் பெற்றோர் பலர் பிள்ளைகளை அனுப்பப் பயந்தார்கள். கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் குழந்தைக்குக் கண், காது, இதயம் மூன்றும் பாதிக்கப்படலாம். அதைத் தடுக்கிற ஊசி அது.

ஊசி மருந்துக்குள் கருவின் செல்லை வைத்துப் போடுவதில்லை. செல்லில் வைரஸை வளர்த்து, பிரித்துச் சுத்தம் செய்துதான் தருகிறார்கள். புதிதாகக் கருவும் தேவைப்படுவதில்லை, 1960-களில் தொடங்கிய வரிசைகளே போதும். வேறு வழி இல்லாதபோது இத்தகைய தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளலாம் என்று வாடிகனே 2005-இல் சொல்லியிருக்கிறது.

ஹேஃப்ளிக் செல்களைத் திருடிவிட்டார் என்று வழக்கு வந்ததா?

1968-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு வேலை மாறியபோது டபிள்யூ.ஐ-38 குப்பிகளைக் கையோடு எடுத்துப் போனார். ஆய்வுக்குப் பணம் கொடுத்த அமெரிக்க அரசு அது தன் சொத்து என்றது. 1975-இல் விசாரணை, 1976-இல் அவர் வேலையை விட்டார், வேலையில்லாமல் சில காலம் கஷ்டப்பட்டார். 1981-இல் சமரசம் ஆனது. ஆறு குப்பிகளும், செல்களை அனுப்பிவைத்ததில் சேர்ந்த பணமும் அவருக்கே என்று முடிந்தது. என்னைக் கேட்டால், சொல்லாமல் எடுத்துப் போனது தவறு, அதற்காக அவரை நடத்திய விதம் அதைவிடத் தவறு.

இந்தியாவில் இந்தத் துறையில் யாரும் இல்லையா?

நகரத்தாருக்குக் காசி என்றால் சத்திரம்தான் நினைவுக்கு வரும். அதே காசியில், இந்துப் பல்கலைக்கழகத்தில், எம்.எஸ். கனுங்கோ மூப்பின் உயிரியலை இந்தியாவில் நிலைநிறுத்தினார். வயதோடு மரபணுக்கள் செயல்படும் விதம் மாறுகிறது, அதுவே மூப்புக்கு அடிப்படை என்ற கருத்தை 1970-களிலேயே வைத்தவர். 2011-இல் காலமானார். அவரைப் பற்றி அரை மணி நேர உரை உண்டு.

பிள்ளைகளை அழைத்து வரலாமா? அவர்களுக்குப் புரியுமா?

எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால் கட்டாயம் அழைத்து வாருங்கள். பின்கட்டில் நுண்ணோக்கிகள் வைத்திருக்கிறோம். மனித செல்லை வளர்த்துக் காட்ட வீட்டில் வசதியில்லை, வெங்காய வேரில் செல் பிரிவதைக் காட்டுகிறோம். டம்ளர் தண்ணீரில் அடிப்பாகம் மட்டும் படும்படி வெங்காயத்தை உட்கார வைத்தால், இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் இறங்கும். நுனியை வெட்டி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லேசாகச் சூடுகாட்டி, அசிட்டோகார்மின் சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடிச் சில்லுக்கு அடியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். சில்லு நகர்ந்துவிடாமல் நேராக அழுத்துவதுதான் சூட்சுமம். நன்றாக விழுந்தால் 16 குரோமோசோம்களும் சிவப்புக் குச்சிகளாக இரு பக்கமும் பிரிந்து போவது தெரியும். வேர் நுனியில் டெலோமரேஸ் வேலை செய்துகொண்டே இருக்கும், அதனால் அதற்கு ஹேஃப்ளிக் எல்லைக் கவலை இல்லை. அமிலமும் சாயமும் இருப்பதால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

எங்கள் ஆயாவுக்கு 84 வயது. வரலாமா? எங்கே நடக்கிறது?

தாராளமாக வரட்டும். ஒரு குடும்பத்தார் தங்கள் பழைய வீட்டை அன்றைக்குத் தந்திருக்கிறார்கள், முகவரி அழைப்பிதழில் இருக்கிறது. உரைகள் வளவை ஒட்டிய கூடத்தில், சாப்பாடு இரண்டாம் கட்டில். நிலைப்படிகள் உயரம் என்பதால் சக்கர நாற்காலி ஏற மரப்பலகை போடுகிறோம். ஆத்தங்குடித் தளம் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் தண்ணீர் சிந்தியிருந்தால் வழுக்கும். வயதானவர்கள் செருப்பைக் கழற்றிய பிறகு கைப்பிடித்தே நடக்கட்டும். முன்வரிசை நாற்காலிகள் எழுபது தாண்டியவர்களுக்கு மட்டும். இளவட்டங்கள் அங்கே உட்கார்ந்தால் எழுப்பிவிடுவோம்.

அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் பற்றியும் பேசுவீர்களாமே?

கால் மணி நேரம் மட்டும். எண்பது நிறைந்தவர்கள் இருவர் தங்கள் உடம்பில் என்ன மாறியது, எது மாறவில்லை என்று அவர்கள் வாயாலேயே சொல்லப் போகிறார்கள். பிறகு முதியோர் மருத்துவர் அதில் எது இயல்பான மூப்பு, எது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய் என்று பிரித்துச் சொல்வார். ‘வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டார் தள்ளிவிடுகிற காது மந்தம், கண்புரை, மறதி இவற்றில் பலவற்றுக்கு வழி உண்டு. நாள் முழுவதிலும் வீட்டுக்கு நேரடியாகப் பயன்படப்போவது இந்தக் கால் மணி நேரம்தான் என்று நினைக்கிறேன்.

எந்த மொழியில்?

தமிழில். டெலோமியரை டெலோமியர் என்றே சொல்வோம்.

கட்டணம், சான்றிதழ்?

இரண்டும் இல்லை. பெயர் மட்டும் முன்கூட்டிப் பதிய வேண்டும், இலை எண்ணிக்கைக்காக.

சாப்பாடு?

காலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். மத்தியானம் சைவச் சாப்பாடு, இலையில். கவுனி அரிசியும் உண்டு. மூன்று மணிக்குக் காப்பியோடு சீப்புச் சீடை. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கும்மாயம் தனியே இருக்குமா என்று ஒருவர் கேட்டார். கும்மாயத்தில் கருப்பட்டி உண்டு, ஐயா.

வெளியூரிலிருந்து எப்படி வருவது?

சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் பிற்பகலில் எழும்பூரில் கிளம்பி இரவு காரைக்குடி வந்துவிடும். அது திரும்புவது விடியற்காலை. ஆகவே சனிக்கிழமை வந்து திங்கள் காலை போகிறபடி திட்டமிடுங்கள். விமானம் என்றால் மதுரையோ திருச்சியோ, இரண்டிலிருந்தும் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மாணவர்களுக்கு அந்த வீட்டின் மாடியிலேயே பாய் போட்டுப் படுக்க இடம் உண்டு. மற்றவர்கள் விடுதி பார்த்துக்கொள்ள வேண்டும்.

வர முடியாதவர்களுக்கு வீடியோ கிடைக்குமா?

உரைகளைப் பதிவு செய்கிறோம், பேசுகிறவர்கள் சம்மதித்தவற்றை மட்டும் வெளியிடுவோம். எண்பது வயதுக்காரர்கள் பேசுவதைப் பதிவு செய்யப் போவதில்லை. நேரலையும் கிடையாது, அந்தச் சுவர்களுக்குள் போனில் சிக்னல் எடுப்பதே பெரிய பாடு.